பேசவேண்டிய தேவை

பள்ளிப் பருவம் முழுவதும் ஆங்கிலம் படித்து, பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்ற தமிழ்வழி மாணவர் ஒருவர், கல்லூரி விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதித் தரத் தடுமாறுகிறார். அவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் வந்தாக வேண்டிய தேவை வகுப்பறையில் ஒருநாளேனும் அவருக்கு நேர்ந்ததா என்று நாம் கேட்பதில்லை.

நேர்கூற்றை அயற்கூற்றாக்கு என்கிறது வினாத்தாள். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்பது எவருக்கும் பொருட்டில்லை. நண்பனுக்குக் கடிதம் எழுது என்கிறது. அப்படியொரு நண்பன் இல்லை. கடிதத்தைப் படிக்கப்போகிறவர் சிவப்பு மையுடன் அமர்ந்திருக்கும் திருத்துநர். பெறுவோர் இல்லாத கடிதங்களை ஆண்டுக்கணக்கில் எழுதியவர்களிடம், மெய்யான மனிதர் ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது சொற்கள் வற்றிவிடுவதில் வியப்பில்லை.

இதற்கு மாற்று நம் மண்ணிலேயே முயன்று பார்க்கப்பட்டது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கண வரிசைப்படி அமைந்த பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டு ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழியின் வடிவம் தானே உள்ளே படியும் என்பது அவர் துணிபு. 'பெங்களூர்த் திட்டம்' என்ற பெயரில் உலகெங்கும் மொழியாசிரியர்கள் விவாதித்த முயற்சி இது.

இன்னொரு முயற்சி அமெரிக்காவில் நடந்தது. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய வழியினர் என எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமரத் தொடங்கியபோது பகைமை மூண்டது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பிறர் சொல்வதைக் கேட்டாலன்றி முழுப்பாடமும் எவருக்கும் கிட்டாது. ஏளனம் செய்யப்பட்ட பிள்ளையின் சொல்லுக்கும் அன்று விலை ஏற்பட்டது.

இவ்விரண்டையும் இணைக்க வேண்டும் என்பதே நம் கருத்து. தஞ்சாவூர்ப் பள்ளி ஒன்றில் நான்கு மாணவர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் நேர்முகத்தேர்வுக்குச் செல்ல வேண்டிய ஒருவரின் பயணத்தை அவர்கள் திட்டமிட வேண்டும். அழைப்புக் கடிதம் ஒருவர் கையில்; ரயில் நேரங்கள் இன்னொருவர் கையில்; தங்குமிடக் கட்டணம் மூன்றாமவரிடம்; செலவுக்குள்ள பணம் எவ்வளவு என்பது நான்காமவருக்கு மட்டுமே தெரியும். தாளைக் காட்டக்கூடாது, ஆங்கிலத்தில் சொல்லலாம். எந்த வண்டியில் போவது என்று முடிவெடுத்த பின், சீட்டுக் குலுக்கி எடுத்த ஒருவர் அதை வகுப்புக்கு விளக்க வேண்டும். யார் பெயர் வரும் என்று தெரியாததால், கெட்டிக்கார மாணவரும் மற்றவரைத் தயார்செய்தே ஆகவேண்டும்.

பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிடுவார்கள் என்பார்கள். தாவட்டும். அறியாத சொல்லைத் தோழனிடம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வதும் கற்றலே. அதைவிடக் கனமான மறுப்பு பிரபுவிடமிருந்தே வருகிறது. மாணவர் தமக்குள் பேசினால் பிழைகளே இறுகிப்போகும் என்று அஞ்சி, அவர் குழுப்பணியைப் பெரிதும் தவிர்த்தார். புறக்கணிக்கத்தக்க அச்சமன்று இது. ஆனால் அதற்கு வழியும் அவர் முறையிலேயே உண்டு. அவர் வகுப்பில், பணிக்கு முன்பு அதே போன்ற ஒன்றை ஆசிரியர் எல்லோருடனும் சேர்ந்து செய்து காட்டுவார். அதைக் கொண்டு தொடங்கி, குழுக்களிடையே நடந்து காதில் விழும் பிழைகளைக் குறித்துக்கொண்டு, இறுதியில் பெயர் சுட்டாமல் திருத்தலாம். ஐம்பது பேர் வகுப்பில் இரைச்சல் எழும்தான். ஒருவர் மட்டும் பேச ஐம்பது பேர் மௌனம் காக்கும் வகுப்பில் பேச்சுமொழி எப்படி வளரும்?

வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குத் தேவையை வீடே உண்டாக்கித் தருகிறது. கூலித்தொழிலாளியின் மகளுக்கு வகுப்பறையை விட்டால் வேறிடம் இல்லை. அங்கும் மனப்பாடமே கிடைக்குமானால், ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுக்குச் சான்றிதழ் வழங்கும் வேலையைத்தான் பள்ளி செய்கிறது.

ஆசிரியரை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் கற்பிப்பார். பிறரோடு சேர்ந்து ஒரு பணியை முடித்ததற்கும், கேட்டதை விளங்கச் சொன்னதற்கும் வினாத்தாளுக்கு நிகரான மதிப்பெண் கிடைக்கும் நாளில் வகுப்பறையின் மௌனம் கலையும். அதுவரை, வாரத்தில் ஒரு பாடவேளையேனும் மாணவர்களை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வைப்போம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.