மாநகர மேயரும் காய்கறிக் கூடையும்

மாநகர மேயர் என்றவுடன் குடிநீரும், சாக்கடையும், தெருவிளக்குமே நினைவுக்கு வருகின்றன. தொழில் வளர மேயர் துணை நிற்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதும், ஆலை நடத்துவோரும் கடைவீதி வணிகருமே கருத்தில் கொள்ளப்படுகின்றனர். அரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு, விடியுமுன் கூடையோடு நகருக்குள் வரும் சிறு விவசாயியும் ஒரு தொழில் முனைவோரே. ஆனால் அவருக்கு நகரத்தில் ஓட்டு இல்லை. அதனால் மன்றத்தில் அவருக்காகப் பேசுவாரும் இல்லை.

இது விவசாயியின் இழப்பு மட்டுமன்று. நல்ல விலை கிடைத்தால் அந்தப் பணம் அதே நகரத்தின் உரக்கடைக்கும், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைக்கும், துணிக்கடைக்கும்தான் செல்கிறது. விவசாயியின் மடி கனத்தால் கடைவீதியின் கல்லாவும் கனக்கும்.

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசும் இலவசம். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் விலை வைப்பது என்பது அதன் நெறி. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. இச்சந்தைகளை நடத்துவது வேளாண் விற்பனைத் துறை. எனினும் சந்தைக்குச் செல்லும் சாலை, தண்ணீர், விளக்கு, கழிப்பிடம், குப்பை அகற்றுதல் ஆகியவை நகரமைப்பைச் சார்ந்தவை. இவை சரியில்லாவிட்டால் நல்ல சந்தையும் வெறிச்சோடிப் போகும்.

மனமிருந்தால் இடமுண்டு என்பதை 2020ஆம் ஆண்டு ஊரடங்கு காட்டியது. பேருந்து நிலையங்களும் மைதானங்களும் சில நாட்களிலேயே காய்கறிச் சந்தைகளாயின. திருச்சி காந்தி மார்க்கெட் மூடப்பட்டபோது, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நடந்தது. நெருக்கடியில் முடிந்தது, சாதாரண நாளில் காலை மூன்று மணி நேரத்திற்கு முடியாதா?

பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்டே நகரம் இதற்கொரு நல்ல சான்று. 1993இல் மேயரான பாத்ரூஸ் அனானியாஸ், உணவு வழங்கலுக்கென நகராட்சியிலேயே தனித்துறை அமைத்தார். சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயக் குடும்பங்களுக்கு நகருக்குள் நேரடியாக விற்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. நகராட்சியின் நல்ல மனைகளில் கடை வைத்த வணிகர்கள், குறிப்பிட்ட சில பொருள்களை நகராட்சி நிர்ணயித்த குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மேயர் கொடுத்தது மானியம் மட்டுமன்று, இடமும் ஒழுங்கும்.

நம் மேயர்கள் என்ன செய்யலாம்? 2022 தேர்தலில் தமிழக மேயர்கள் மாமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நிர்வாகம் ஆணையர் கையில் இருந்தாலும், மன்றத்தின் தலைமை மேயருடையது. ஆகவே மன்றத் தீர்மானமே அவரது கருவி.

முதலாவதாக, மாநகராட்சி மைதானங்களிலும் அகன்ற தெருக்களிலும் காலை வேளையில் விவசாயிகளுக்கென இடம் குறிக்கலாம். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு உரியது. அவர்களையும் கலந்து இடம் குறித்தால் பூசல் எழாது.

இரண்டாவதாக, தினசரி மார்க்கெட்டில் கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்ற சுங்கக் கட்டணத்தை நுழைவாயிலில் பெரிய பலகையில் எழுதி வைக்கச் செய்யலாம். குத்தகைதாரர் ரசீது தருவதைக் கட்டாயமாக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

மூன்றாவதாக, நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பை. அதைத் தரம் பிரித்து உரமாக்கி வயலுக்கு அனுப்பலாம். ஆனால் ஆய்வு செய்யாத உரத்தை விவசாயிகள் ஏற்கலாகாது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் கம்போஸ்டில் ஒரு கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. ஆய்வுச் சான்றைக் கேட்டு வாங்குவது விவசாயியின் உரிமை.

நான்காவதாக, மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கு தரம் பிரித்தல், சிப்பம் கட்டுதல், ஊறுகாய், வற்றல் தயாரித்தல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றில் கிராமத்து இளைஞருக்கும் நகரத்து மகளிர் குழுவினருக்கும் சேர்த்தே பயிற்சி தரலாம். விளைவிப்பவரும் பக்குவம் செய்பவரும் அறிமுகமானால், விலை சரியும் நாளில் தக்காளி சாலையோரம் கொட்டப்படாது.

இதனால் கமிஷன் மண்டிகள் அழிந்துவிடும் என்பது சரியன்று. லாரிச் சரக்கை ஒரே நாளில் எடுக்கவும், அவசரத்திற்கு முன்பணம் தரவும் மண்டியால்தான் முடியும். இரண்டு கூடைக்காரருக்கு மண்டி தவிர வேறொரு வழியும் இருக்க வேண்டும் என்பதே இங்கு கோரிக்கை. வேறு வழி இருந்தால்தான் மண்டியிலும் நியாயமான விலை கேட்க முடியும்.

ஓட்டில்லாதவர் தனியே கேட்டால் குரல் எட்டாது. ஆகவே விவசாயப் பெருமக்கள் உழவர் மன்றமாகவோ உற்பத்தியாளர் குழுவாகவோ சேர்ந்து, தங்களிடம் காய்கறி வாங்கும் நகரத்துக் குடும்பத்தினரிடமும் கையொப்பம் பெற்று, வார்டு உறுப்பினர் வழியாக மேயரிடம் மனு அளிக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே, அதாவது தை மாதத்திற்குள், மனு சென்றடைவது நலம்.