கரையேறினாலும் கணக்கு முடிவதில்லை

சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்கி வழிகிறது. மெல்லத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறிவிடுகிறது. காற்றுக் கலத்தை முதுகில் சுமந்து கடலில் மூழ்கும் ஸ்கூபா வீரரின் உடலும் ஏறத்தாழ அந்தப் புட்டியைப் போன்றதுதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் 4 மடங்கு. காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன் அல்லவா? உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் திசுக்களிலும் மேலும் மேலும் கரைகிறது. மேலே வரும்போது அந்த மிகுதி, திசுவிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கும் வந்து மூச்சுடன் வெளியேற வேண்டும். அதற்கு நேரம் கொடுக்காமல் விரைந்து மேலேறினால் நைட்ரஜன் உடலுக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டுகள் வலிக்கும், தண்டுவடம் தாக்கப்பட்டால் கைகால்கள் செயலிழக்கவும் கூடும்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, படிப்படியாக மேலேறும் முறையை 1908இல் வெளியிட்டனர். எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை விடுவதில்லை என்பது அவர்கள் கணக்கின் அடிப்படை. மிகுதியில் பாதி வெளியேற ஒரு திசுவுக்கு 5 நிமிடம் போதும். மற்றொன்றுக்கு 75 நிமிடம் வேண்டும். ஆறு முறை பாதியானால் எஞ்சுவது 64இல் ஒரு பங்கு. முதல் திசு அந்நிலையை அரைமணியில் எட்டும். இரண்டாவதற்கோ ஏழரை மணி நேரம் ஆகும்!

“எனக்கு நல்ல உடல் வலிமை உண்டு, நான் ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. இது வீரமன்று, அறியாமையே என்பேன். தசை வலிமை இந்தக் கணக்கை மாற்றிவிடாது. மூழ்கி எழுந்தவுடன் கடுமையான உடற்பயிற்சி செய்வது குமிழிகளைக் கூட்டவும் கூடும். மணிக்கட்டில் கட்டும் கணினியும் ஆழத்தையும் நேரத்தையும் கொண்டு மதிப்பிடுகிறதே தவிர, உங்கள் திசுக்களுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை மூழ்கியவர்கூடக் குறைந்தது 12 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்று அறிவுறுத்துவதும் இதனால்தான். உயரே போனால் அழுத்தம் மேலும் குறையுமல்லவா?

எனவே, மேலேறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதை வீண் தாமதம் என்று எண்ணாதீர்கள். ஆழத்தில் நீந்துவதைப் போலவே அதுவும் மூழ்குதலின் ஒரு பகுதி. பொறுமையாக மேலேறத் தெரிந்தவரையே தேர்ந்த வீரர் என்று நாம் பாராட்ட வேண்டும்.