தொழில் கற்றுத் தரப்படுகிறது. உடலைப் பற்றி யார் சொல்வது?

புதுடெல்லி: மும்பை சயானில், மத்திய அரசின் தொழிற்பயிற்சி வளாகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று உள்ளது. 1968-ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இத்தகைய மையங்களில் அதுவும் ஒன்று. பெயர் பின்னர் மாறியது, பணி மாறவில்லை. திறனை மதிப்பிட்டு, பயிற்சி அளித்து, வேலைக்கு அனுப்புவதே அது.

தையல், காகித உறை தயாரிப்பு எனத் தொழில் கற்கும் மனவளர்ச்சி குன்றிய இளைஞரையும் பெண்ணையும் அரசு தொழிலாளராகவே காண்கிறது. வீடோ இன்னும் குழந்தையாகவே காண்கிறது. இந்த முரண்பாட்டின் நடுவே, பாலுணர்வு பற்றிப் பேச யாரும் முன்வருவதில்லை.

சட்டம் தன் நிலையைத் தெளிவாக்கிவிட்டது. மனவயது 6 முதல் 8 வரை உள்ள 38 வயதுப் பெண்ணைக் குழந்தையாகக் கருதி, போக்சோ சட்டத்தின் பாதுகாப்பை அவருக்கும் வழங்க வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் ஏற்கவில்லை. அச்சட்டத்துக்கு உடலின் வயதே கணக்கு. 18 வயதைக் கடந்தவர் தொடர்பான வழக்கில் முதலில் எழும் கேள்வி, சம்மதம் இருந்ததா என்பதே. சம்மதம் என்றால் என்ன, மறுப்பது எப்படி என்று ஒருபோதும் கற்பிக்கப்படாத ஒருவரிடம்தான் அக்கேள்வி வைக்கப்படுகிறது.

அறியாமையே பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு மகாராஷ்டிரம் ஏற்கெனவே விலை கொடுத்துள்ளது. 1994-ல் ஷிரூர் அரசு இல்லத்தைச் சேர்ந்த 10-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்ச் சுகாதாரத்தைப் பேண அவர்களால் இயலாது என்பதே சொல்லப்பட்ட காரணம். கற்றுத் தருவதைவிடக் கத்தி எளிதாகத் தோன்றியது போலும். கருப்பையை அகற்றினால் கர்ப்பம் நேராது, பலாத்காரம் நிற்காது. சண்டீகரில் அரசு இல்லத்திலேயே பலாத்காரத்துக்கு உள்ளாகிக் கர்ப்பமான பெண்ணின் வழக்கில், அவரது சம்மதமின்றிக் கருவைக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு குறித்த தகவல் அவர்களுக்குக் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. தகவலை வகுப்பறையில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அப்பிரிவு குறிப்பிடவில்லை. பொதுப் பள்ளிகளிலேயே பாலியல் கல்விக்கு 2007-ல் தடை விதித்த மாநிலம் இது; தையல் ஆசிரியை தாமாகத் துணிவார் என எதிர்பார்ப்பது சற்று அதிகம்.

பெற்றோரின் அச்சம் பொய்யல்ல. மகளுக்கு நேரக்கூடிய கொடுமையையும், பிறக்கும் குழந்தையை யார் வளர்ப்பது என்பதையும் நினைத்தே அவர்கள் வாய் திறப்பதில்லை. ஆனால் எந்தத் தொடுகை தவறு என்பதைச் சொல்லத் தெரியாத மகளால், அத்துமீறியவரை அடையாளம் காட்டவும் இயலாது.

2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதன் மறுபக்கம். அறிவுத்திறன் சராசரிக்குக் குறைந்த தன் 27 வயது மகளின் கருவைக் கலைக்கத் தந்தை அனுமதி கோரினார். மகளுக்கோ அதில் விருப்பமில்லை. அறிவு குறைந்தவருக்குத் தாயாகும் உரிமை கிடையாதா என நீதிபதிகள் கேட்டனர். அவள் விரும்பிய ஆணைச் சந்தித்துப் பேசுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தினர். அந்தப் பேச்சு நீதிமன்றத்தில் தொடங்கியபோது கரு 20 வாரங்களைக் கடந்திருந்தது.