ஊர்ப்புற முதியோரும் நலவாழ்வும்

மனித வாழ்நாள் நீண்டு வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதை எட்டியவர்கள். பிள்ளைகள் பிழைப்பு நாடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, சிற்றூர்களின் வீடுகள் பலவற்றில் எஞ்சியிருப்போர் இம்முதியோரே. நீண்ட வாழ்நாள் நலமுள்ள வாழ்நாளாகவும் அமைகின்றதா என்பதே நம்முன் நிற்கும் வினா.

"உழைத்து உரமேறிய உடலுக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கேட்பாருளர். ஏற்றம் இறைத்தும், நாற்று நட்டும், உரலில் இடித்தும் வாழ்ந்த காலத்தில் அக்கேள்வி பொருத்தமானதே. இன்று மின்விசைக் குழாயும், அறுவடை எந்திரமும், மாவரைக்கும் எந்திரமும் வந்து உழைப்பைக் குறைத்துவிட்டன. அதனை நாம் குறைகூறவில்லை. ஆயினும், உழைப்புக் குறைந்த பின்னரும் உழைத்த காலத்து அளவிலேயே சோறும், உப்பும், ஊறுகாயும், கருவாடும் தொடர்வது தகுமா? நீரிழிவும் குருதி அழுத்தமும் நகரத்தாரின் நோய்கள் என்னும் எண்ணம் இனிச் செல்லாது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்றும், கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலியக்கமேனும் முதியோர்க்கும் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. கண்மாய்க்கரைச் சாலையில் அரைமணி நேர நடையைக் கிழமையில் ஐந்து நாள் மேற்கொண்டால் இவ்வளவு நிறைவேறிவிடும். வெற்றிலையோடு பாக்கையும் புகையிலையையும் அடக்கிவைக்கும் வழக்கம் வாய்ப்புற்றுக்கு வழிகோலும். அதனைக் கைவிடுதல் இன்றியமையாதது.

எனினும், அறிவுரை மட்டுமே நலம் தந்துவிடாது என்பது எம் கருத்து. கழிப்பறை தொலைவில் இருப்பதால், இரவில் எழ அஞ்சி, மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்தும் மூதாட்டியர் உண்டு. அவர்க்கு வேண்டுவது "தண்ணீர் அருந்துக" என்னும் சொற்பொழிவன்று. வழியில் ஒரு விளக்கும், பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியுமே. தமக்கென்று தனியே சமைக்க மனமின்றிப் பழைய சோற்றோடு பொழுதைக் கழிப்பவர்க்குக் கீரை, பயறு, முட்டை ஆகியவற்றின் பெருமையை எடுத்துரைத்துப் பயனில்லை; உடனமர்ந்து உண்ண ஒருவர் வேண்டும். முதுமையில் தசை தேய்கிறது, புரதம் குறைந்தால் அத்தேய்வு விரைகிறது, கால் தளர்கிறது, ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் எழுவதே அரிதாகிறது. தனிமை இவ்வாறு உடலையும் வீழ்த்துகிறது.

2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுசேர்க்கிறது. பாராட்டத்தக்க பணி. ஆனால், வந்த மாத்திரையை நாள்தோறும் உண்டாரா என்று கேட்பவர் யார்? "உடம்பு தேறிவிட்டது" என்று அதனை இடையில் நிறுத்துவோர் பலர். நோய் அடங்கியிருப்பது அம்மாத்திரையால் என்பதை அவர்க்கு அன்போடு உணர்த்த வேண்டியவர் வீட்டார் அல்லரோ?

திருவள்ளுவர் 'மருந்து' எனப் பெயரிட்ட அதிகாரத்தில் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. அளவறிந்து உண்ணல் முதியோர் கடன். அவ்வுணவை அன்போடு அளித்தல் இளையோர் கடன்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது, நும் வீட்டு முதியோரோடு நாளும் அரைமணி நேரம் நடந்து செல்லுங்கள். அவர்தம் மாத்திரைகளை எடுத்துப் பாருங்கள். குளிக்குமிடத்தின் வழுக்கலை நீக்குங்கள். ஒரு வேளையேனும் உடனமர்ந்து உண்ணுங்கள். இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியன்று, மனமே வேண்டும்.