நிலை வட்டியும் நீங்காத தண்டமும்

ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி விகிதம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 5.25 சதவீதமாக இறங்கியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இதனால் ஓரளவு ஆறுதல் கிட்டியது. நிலையான வட்டிக்குக் கையெழுத்திட்டவர்களுக்கோ ஒரு காசும் குறையவில்லை.

பெங்களூரில் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, சிறு வீடொன்றைச் சொந்தமாக்கிக்கொண்ட தமிழ்க் குடும்பங்களில் இத்தகையோர் பலர் உண்டு. மாதச் சம்பளக்காரர்கள், தவணைத் தொகை மாறாதிருந்தால் போதும் என்று எண்ணியது குற்றமல்ல, முன்யோசனையே. ஆனால் குறைந்த வட்டிக்கு மாற முனைந்தால், முன்கூட்டிக் கடனை அடைப்பதற்குத் தண்டம் கட்டு என்கிறார்கள்.

மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் இத்தண்டம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012லேயே தடுத்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கென 2025 ஜூலையில் பிறப்பித்த புதிய விதிகளிலும் அப்பாதுகாப்பு உண்டு. நிலை வட்டிக்காரர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. தண்டம் எவ்வளவு என்பது கடன் கொடுத்தவரின் கொள்கையைப் பொறுத்தது.

அப்படியானால் மாறுவது லாபமா, நஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 லட்சம் ரூபாய் பாக்கி, 15 ஆண்டுகள் மீதி, வட்டி 10.5 சதவீதம் என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 22,108 ரூபாய். 8.5 சதவீதத்துக்கு மாறினால் 19,695 ரூபாய். மாதம் 2,413 ரூபாய் மிச்சம். தண்டம் 2 சதவீதம் என்றால் 40,000 ரூபாய். புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி., ஈட்டுப் பதிவு, சட்ட ஆலோசனை ஆகியவற்றுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தால், மொத்தச் செலவு 55,000. இது 23 மாதங்களில் ஈடாகிவிடும். மீதிக் காலமெல்லாம் லாபமே.

அதே கடனில் 4 லட்சம் பாக்கியும் 3 ஆண்டுகளும் மட்டும் மீதியிருந்தால், மிச்சம் மாதம் 374 ரூபாய்தான். மூன்றாண்டுக்கும் சேர்த்து 13,464 ரூபாய். செலவோ 23,000. அங்கே மாறாதிருப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. 20 லட்சத்தை மாற்றும்போது காலத்தை மறுபடி 20 ஆண்டுகளாக நீட்டினால் தவணை 17,356 ரூபாயாகக் குறையும். கேட்பவருக்கு இனிக்கும். ஆனால் பழைய வட்டியிலேயே 15 ஆண்டுகள் கட்டுவதைவிட மொத்தத்தில் 1,86,000 ரூபாய் அதிகம் கட்ட நேரும்! வட்டி குறைந்தும் கடன் கூடும்.

ஆகவே முதலில் பழைய நிறுவனத்திடமே மாறும் வட்டிக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேட்க வேண்டும். மாற்றுக் கட்டணம் தண்டத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஒப்பந்தத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். சில கடன்களில் நிலை வட்டி முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே; பிறகு தானே மாறும் வட்டியாகிவிடும். அந்த நாள் நெருங்கியிருந்தால் பொறுத்திருப்பது மேல். கடன் முழுதும் தீர்ந்ததும் மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்; தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதி.

நீண்ட காலத்துக்கு ஒரே வட்டியில் பணம் திரட்டிக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு, அது பாதியில் திரும்பினால் இழப்பு வரலாம் என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் தண்டம் அந்த இழப்புக்கு ஈடாக இருக்க வேண்டுமேயன்றி, கடன்காரரைக் கட்டிப்போடும் கயிறாக இருக்கலாகாது. மீதிக் காலம் குறையக் குறையத் தண்டமும் குறைய வேண்டும். அதற்கு உச்சவரம்பு ஒன்றை ரிசர்வ் வங்கி விதிப்பது நியாயம்.

கடனின் முக்கிய விவரக் குறிப்பு, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டுமென்றும் ரிசர்வ் வங்கி 2024ல் ஆணையிட்டிருக்கிறது. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் இந்த உரிமையைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெற வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். வங்கியிலே போடுவதை அளக்காமல் விடலாமா?