தன்னை அறியாத செல் பிழைப்பதில்லை

செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து உயிரியல் டியூஷன்களிலும் ஒரு வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்: நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களில் நம் உடலை அறிபவற்றைத் தைமஸ் சுரப்பி கொன்றுவிடும், அந்நியக் கிருமியை அறிபவை மட்டும் வெளியே வரும். பரீட்சைக்கு இது போதலாம். நடப்பது வேறு.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸில் வளரும் டி செல்களில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை என்பது சரிதான். ஆனால் மடிபவற்றில் பெரும்பாலானவை நம்மை அறிந்ததால் மடிவதில்லை, அறியாததால் மடிகின்றன. தைமஸின் புறப்பகுதிச் செல்கள் நம் சொந்தப் புரதங்களை நறுக்கி, அந்தப் பெப்டைடு துணுக்குகளை எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் ஏந்திக் காட்டுகின்றன. அதை மென்மையாகப் பற்றும் செல்லுக்கே மேலே வளர அனுமதி. எதையும் பற்றாதது மூன்று நான்கு நாளில் தானே மடியும்.

எந்தத் துணுக்கானால் என்ன என்று கேட்கலாம். புரதம் நறுக்கத் தைமஸின் புறப்பகுதிக்கென்றே 'பீட்டா5டி' என்ற தனிக்கூறு இருப்பதை 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அது இல்லாத எலிகளில் சிடி8 வகை டி செல்கள் வெகுவாகக் குறைந்துபோயின. கிருமியே இல்லாத இடத்தில், சொந்தப் பெப்டைடு மாறியதும் படையே சிறுத்துவிட்டது. பாடப்புத்தகத்தில் முதலில் சொல்ல வேண்டிய சோதனை இது.

சரி, நம்மை இறுகப் பற்றுபவையாவது முழுக்க ஒழிக்கப்படுகின்றனவா? அதுவும் இல்லை. தைமஸின் உட்பகுதியில் 'ஏர்' என்ற மரபணு, கணையத்துக்கே உரிய இன்சுலின் போன்ற புரதங்களையும் அங்கே கொஞ்சம் சுரக்க வைக்கிறது. அவற்றை இறுகப் பற்றும் செல்களில் பல சாகின்றன. சில, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் காவலர்களாக மாறுகின்றன. 1995இல் இவற்றை இனங்காட்டிய ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெளியே வந்த பிறகும் இந்த உறவு அறுவதில்லை. சொந்தப் பெப்டைடைச் சற்று வலுவாகப் பற்றும் டி செல்களே கிருமி வரும்போது முன்னால் நிற்கின்றன என்று 2013இல் எலிகளில் காட்டப்பட்டது.

இந்தத் தவறான பாடத்துக்கு ஒரு வாரிசும் உண்டு: நம்மை அறிபவை எல்லாம் ஒழிந்துவிட்டதால் எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது என்ற நம்பிக்கை. குற்றால சீசனில் அது சூரணப் பொட்டலமாக விலைபோகிறது. ஆனால் குழந்தைகளுக்கு வரும் முதல்வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பவை நம் டி செல்களேதான். தைமஸில் இன்சுலின் கூடுதலாக உருவாகும் மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு இந்நோயின் ஆபத்து குறைவு என்பது 1997இலேயே தெரிந்துவிட்டது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போனால் பொட்டலத்தைத் தேட வேண்டாம். அன்றே தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.