ஆகஸ்டு மாதப் புள்ளியும் புள்ளிதான்



பாடநூலையும் பயிற்றியையும் பற்றி எழுதும் பக்கத்தில் காற்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் நாட்டு ஆசிரியர் அறைகளிலும் மாமாக் கடைகளிலும் ஒரே நாடகம் அரங்கேறுகிறது. இங்கிலீஷ் பிரிமியர் லீக் போட்டிகள் தொடங்கி நான்கைந்து வாரங்கள் ஆகியிருக்கும். ஏதோ ஒரு குழு எதிர்பாராத வகையில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும். அக்குழுவின் இரசிகர் ஒருவர், தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் தயங்கித் தயங்கி, "இந்த முறை தற்காப்பு ஆட்டம் திருந்தியிருக்கிறது, போன பருவத்தைக் காட்டிலும் நம்பிக்கையாக இருக்கிறது, பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான்! சுற்றியிருப்போர் கொல்லென்று சிரிப்பார்கள். "ஆகஸ்டு மாத வெற்றியாளர்களே, மே மாதம் சந்திப்போம்" என்று ஒருவர் கிண்டல் செய்வார். அந்த இரசிகரும் அசட்டுச் சிரிப்புடன் வாயை மூடிக்கொள்வார்.

இதில் யார் அறிவாளி? சிரித்தவர்களா, 'பார்ப்போம்' என்றவரா? 'பார்ப்போம்' என்றவரே அறிவாளி என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். சிரித்தவர்களிடம் ஒரு நோய் இருக்கிறது என்பதும், அந்நோய் நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் புகுந்து பல காலம் ஆகிவிட்டது என்பதும் அதன் தொடர்ச்சி.

சிரிப்பவர்களின் தரப்பில் சான்றே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிறையவே இருக்கிறது. 1995-96 பருவத்தில் நியூகாசல் குழு ஜனவரியில் 12 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. இறுதியில் 78 புள்ளிகளோடு, மென்செஸ்டர் யுனைடெட்டுக்கு நான்கு புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்றது. 2022-23 பருவத்தில் அர்செனல் முதல் ஐந்து ஆட்டங்களிலும் வென்றது. பாதிப் பருவத்தில், அதாவது 19 ஆட்டங்களில், 50 புள்ளிகள் சேர்த்தது. 248 நாள்கள் பட்டியலின் உச்சியில் இருந்தது. கிண்ணமோ மென்செஸ்டர் சிட்டிக்குப் போனது. 2023-24 பருவத்தில் டோட்டன்ஹாம் முதல் பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 26 புள்ளிகள் எடுத்தது. முடிவில் ஐந்தாம் இடம். கேலி செய்வோருக்கு இவையெல்லாம் மனப்பாடம்.

ஆனால், இவற்றை மனப்பாடம் செய்தவர்கள் யாரேனும் 'ஏன்' என்று கேட்டதுண்டா? அர்செனலின் தற்காப்பு அரணாக விளங்கிய சலிபா 2023 மார்ச்சு மாதத்தில் காயமுற்றார். அவருடைய இடத்தை நிரப்ப அதே தரத்தில் இன்னொருவர் இல்லை. ஏப்ரலில் லிவர்பூலோடும் வெஸ்ட் ஹேமோடும் இரண்டு கோல்கள் முன்னிலையில் இருந்தும் 2-2 எனச் சமநிலையில் முடிந்தது. பட்டியலின் அடியில் கிடந்த சவுத்ஹேம்டனோடு 3-3. டோட்டன்ஹாமுக்கு நவம்பர் 6ஆம் நாள் செல்சியுடன் நடந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர்; மேடிசன், வான் டெ வென் ஆகிய இருவர் காயமுற்றனர். இவையெல்லாம் காரணங்கள்; விதி அல்ல. நல்ல தொடக்கம் பொய்யாக இருந்ததால் அவர்கள் சரியவில்லை. தொடக்கம் மெய், பின்னர் வந்த இழப்பும் மெய்.

'பார்ப்போம்' என்று சொன்ன இரசிகர் இதைத்தான் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார். இனி எந்தக் குழுக்களோடு ஆடவேண்டும், மாற்று ஆட்டக்காரர்களின் தரம் என்ன, யாருடைய முழங்கால் தாங்கும் என்றெல்லாம் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அதனால்தான் மகிழ்ச்சியும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. சிரிப்பவருக்கு இந்த உழைப்பு எதுவுமே தேவையில்லை. எந்தக் குழுவைப் பற்றியும், எந்த ஆண்டிலும், ஆட்டத்தையே பார்க்காமல் அதே கிண்டலைச் சொல்லலாம். 20 குழுக்களில் ஒன்றுதான் கிண்ணம் தூக்கும் என்னும்போது, 'நீ வெல்லமாட்டாய்' என்று எல்லோரிடமும் சொல்பவன் பத்தொன்பது முறை தீர்க்கதரிசி ஆகிவிடுவான்! இதற்குப் பெயர் அனுபவ அறிவா?

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று. கணிதம் போதிக்கும் நண்பர்கள் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

2008-09 பருவத்தில் ஹல் சிட்டி என்னும் சிறிய குழு, தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இங்கிலாந்தின் உயர்நிலைப் பிரிவில் ஆட வந்தது. வந்த வேகத்தில் அர்செனலை அதன் திடலிலேயே 2-1 என வீழ்த்தியது. முதல் ஒன்பது ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு சமநிலை, ஒரு தோல்வி, 20 புள்ளிகள். பிறகு நடந்ததைக் கேலியாளர்கள் சுவைத்துச் சுவைத்துச் சொல்வார்கள்: எஞ்சிய 29 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், 15 புள்ளிகள். மொத்தம் 35. "பார்த்தீர்களா, தொடக்கத்தை நம்பி ஆடியவர்களின் கதியை?" என்பார்கள்.

நான் பட்டியலின் அடுத்த வரியையும் படிக்கச் சொல்கிறேன். அந்தப் பருவத்தில் 34 புள்ளிகள் எடுத்த நியூகாசல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஹல் சிட்டி ஒரே ஒரு புள்ளியில் பிழைத்தது. எந்தப் புள்ளி அதைக் காப்பாற்றியது? எல்லாரும் எள்ளி நகையாடிய அந்த முதல் ஒன்பது ஆட்டங்களின் புள்ளிகளே! ஆகஸ்டில் எடுத்தாலும் மூன்று புள்ளி மூன்றுதான். மே மாதத்தில் எடுத்தாலும் மூன்றுதான். தொடக்கத்தில் ஈட்டியதை யாரும் பின்னர் வந்து பறித்துக்கொண்டு போக முடியாது.

லெஸ்டர் சிட்டியின் கதையை எல்லாரும் அறிவர். 2015-16 பருவம் தொடங்கியபோது அது கிண்ணம் வெல்லும் வாய்ப்பை ஐயாயிரத்துக்கு ஒன்று எனச் சூதாட்ட நிறுவனங்கள் மதிப்பிட்டன. 81 புள்ளிகளோடு அது வென்றது. நான் சொல்ல வருவது வெற்றியைப் பற்றி அன்று. பயிற்றுநர் ரானியேரி, குழு பட்டியலின் உச்சியில் இருந்தபோதும் தம் இலக்கு 40 புள்ளிகள்தான், பிரிவில் நிலைத்திருப்பதுதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கோல் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாக ஆட்டக்காரர்களிடம் சொன்னார். அக்டோபரில் கிறிஸ்டல் பேலஸை 1-0 என வென்றதும் அவர்களை அழைத்துச் சென்று, அந்தப் பீட்சாவை அவர்களையே செய்ய வைத்தார்! இருபது ஆட்டங்களில் அந்த 40 புள்ளிகள் வந்து சேர்ந்தன. அதன் பிறகே இலக்கு மேலே நகர்ந்தது. 'நமக்கெல்லாம் கிண்ணமா?' என்று அவர் அவர்களின் வாயை அடைக்கவில்லை. 'கிண்ணம் நமக்கே' என்று பறை அடிக்கவும் இல்லை.

இங்கே நம்மவர்கள் இரண்டு பழமொழிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நன்றாகத் தொடங்கியவனைக் கண்டால் 'ஆரம்ப சூரத்தனம்'. தடுமாறித் தொடங்கியவனைக் கண்டால் 'முதல் கோணல் முற்றும் கோணல்'. ஆக, எப்படித் தொடங்கினாலும் முடிவு ஒன்றே, பிள்ளை தேறமாட்டான்! இரண்டாவது பழமொழியை 2010இல் கே. ராஜகோபாலிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் பயிற்றுவித்த மலேசியக் குழு, ஆசியான் வெற்றியாளர் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அதே மாத இறுதியில் அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்று, இரண்டு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் 4-2 எனக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. முதல் கோணல் எங்கே, முற்றும் கோணல் எங்கே?

இப்போது வகுப்பறைக்கு வருவோம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. அதன் பிறகு, ஆண்டு முழுவதும் நடைபெறும் வகுப்பறை மதிப்பீட்டின்வழிதான் பிள்ளையின் அடைவுநிலையைப் பதிவு செய்கிறோம். அதாவது, ஒரே நாளில் முடியும் இறுதியாட்டம் போய், நீண்ட பருவப் போட்டி வந்துவிட்டது. ஆனால், நம் மனம் இன்னும் இறுதியாட்டத்திலேயே நிற்கிறது. முதல் தவணையில் ஒரு பிள்ளை நான்காம் அடைவுநிலையை எட்டியிருக்கிறான் என்று பெற்றோரிடம் சொன்னால், "தொடக்கம்தானே சார், அப்புறம் விளையாட்டுப் புத்தி வந்துவிடும்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே பதில் வருகிறது. அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். கண்பட்டுவிடுமோ என்ற அச்சமும் இருக்கலாம். பிள்ளையின் காதிலோ, 'நீ செய்தது கணக்கில் சேராது' என்று விழுகிறது.

பெற்றோரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. நம் இனத்தவராகிய ஆசிரியர்களே, "நம் பிள்ளைகள் தொடக்கத்தில் இப்படித்தான் துள்ளுவார்கள்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதென்ன 'நம் பிள்ளைகள்'? மற்றவர் பிள்ளைகள் நன்றாகத் தொடங்கினால் திறமை. நம் பிள்ளைகள் தொடங்கினால் துள்ளலா? இதைச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். ஏமாந்து ஏமாந்து மரத்துப் போனவர்கள். ஆயினும், அவர்களது ஏமாற்றத்தைப் பத்து வயதுப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்?

ஒரு செய்தி சொல்கிறேன். பெயர்கள் வேண்டா. தமிழ்ப்பள்ளி ஒன்றின் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட காற்பந்துக் குழு மாவட்டப் போட்டிக்குச் சென்றது. சிறிய பள்ளி, திடல்கூடப் பக்கத்துப் பள்ளியின் திடல்தான். பிள்ளைகள் காலையில் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றனர். மூன்றாவது ஆட்டம் சமநிலை. அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டனர். அரையிறுதி மாலை மூன்று மணிக்கு. பேருந்தோ நண்பகல் பன்னிரண்டு மணிவரைதான் பேசப்பட்டிருந்தது! ஏற்பாடு செய்தவர்கள் சிக்கனம் பார்த்ததாகச் சொன்னார்கள். உணவும் காலைப் பசியாறலுக்கு மட்டுமே. பெற்றோர் சிலர் கார்களை வரவழைத்து, ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்து ஆட வைத்தார்கள். வண்டியில் இடமின்றி மாற்று ஆட்டக்காரர்கள் நால்வர் பேருந்திலேயே திரும்பிவிட்டனர். அரையிறுதியில் தோல்வி. மறுநாள் என்ன பேசினார்கள் தெரியுமா? "அப்போதே சொன்னோமே, அவ்வளவுதான் போவார்கள் என்று."

நம்பாமை இலவசமானது என்று நினைக்கிறோம். அந்த நால்வரைக் கேளுங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் எனக்கு மதிப்புடையதாகப் படுகிறது: 'நம்பிக்கை ஊட்டிவிட்டுப் பின்னர் தோற்றால் பிள்ளை உடைந்துவிடுவானே' என்பது. ஏமாற்றம் வலிக்கும்தான், மறுக்கவில்லை. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் கம்பத்தைக் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். பின்னர், நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஓர் ஆட்டக்காரனுக்கு உண்டா? ஆயினும், அன்று அரங்கில் ஆர்ப்பரித்தவர்களுள் எவரும், 'வீணாக மகிழ்ந்துவிட்டோம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நினைவு 2016இல் 'ஓலா போலா' என்னும் திரைப்படத்துக்கே வித்தானது. உடைப்பது தோல்வி அன்று, பெற்றோர்களே. தோற்ற பிறகு 'அப்போதே தெரியும்' என்று சொல்லும் குரல்தான்.

முதல் தேர்வு முடிந்ததும் மருத்துவர், வழக்கறிஞர் என்று முகநூலில் பட்டம் சூட்டும் பெற்றோரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அவர்களைக் கண்டிக்க ஏற்கனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இந்தத் தவணையில் அடைவுநிலைக் குறிப்பைப் பெற்றுக்கொள்ள வரும் பெற்றோரிடம் நான் இரண்டே கேள்விகள் கேட்கப்போகிறேன். பிள்ளை எதனால் நன்றாகத் தொடங்கினான்? அந்தக் காரணம் ஆண்டு இறுதிவரை நீடிக்க வீட்டில் என்ன வேண்டும்? வாசிக்கப் பாட்டி உடன் உட்கார்ந்ததுதான் காரணம் என்றால், பாட்டி ஊருக்குப் போகும் மாதத்தில் யார் உட்காருவார் என்று இப்போதே பேசுவோம். சலிபாவுக்கு மாற்று யார் என்று கேட்பது போலத்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. அடுத்த மாவட்டப் போட்டிக்குப் பேருந்தை மாலை ஆறு மணிவரை பேசுங்கள். மதிய உணவுக்கும் பணம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் முதல் சுற்றிலேயே வெளியேறினால், அந்தச் சோற்றைத் திடலோரம் உட்கார்ந்து, மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் உண்ணட்டும்.